பப்பாளி மரத்துக்கு வராத காய்ச்சல்

வாத்தியாருக்குக் காய்ச்சல் வரலாம். எனக்கு மட்டும் வரக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன். கேட்ட பிறகு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் கவலையில்லை. என் மனைவி நினைப்பதைவிட மோசமாக உங்களால் நினைத்துவிட முடியாது.

ஜொகூரில் கூலாய்ப் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், ஆறாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். காகிதத்தில் அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர். நாங்கள் சொல்வது ஆறாங்கட்டைத் தோட்டம். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார் நான், சபாபதி. நாற்பத்து மூன்று பிள்ளைகள், நான்கு வகுப்புகள், ஒரே கொட்டகை. ஏழு வருஷமாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. நான் போகாவிட்டால் பள்ளிக்கூடம் நடக்காது என்று நான் நம்பினேன். பிள்ளைகளும் நம்புகிறார்கள் என்று அதையும் சேர்த்து நம்பினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் ஐயாசாமி. டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற இருபத்தொன்பது நாளும் ஐயாசாமிதான் டாக்டர். என் துரதிர்ஷ்டம், அவர் என் மனைவி புஷ்பவள்ளிக்குக் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். தங்கை புருஷன் தும்மினால்கூடப் புத்தகத்தில் எழுதிவைக்கிற மச்சான்.

போன மழைக்காலத்தில் இரண்டாம் வகுப்புத் தங்கராஜு காய்ச்சலில் போய்விட்டான். வாய்ப்பாட்டில் எட்டு வரைக்கும் வந்திருந்தான். வருகைப் பதிவில் அவன் பெயரின் மேல் கோடு போட எனக்குக் கை வரவில்லை. அந்த மாதம் முழுக்க "வரவில்லை" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த மழைக்காலம் தொடங்கியதும் தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். மழைக்காலம் முடியும்வரை தினமும் காலை எட்டு மணிக்கு டிரெசர் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும், காய்ச்சல் வராமலிருக்கப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கொய்னா மருந்து ஊற்ற வேண்டும். பிள்ளைகள் பயப்படாமல் இருக்க வாத்தியார் முதலில் குடித்துக் காட்ட வேண்டும்.

முதல் நாள் குடித்தேன். சத்தியமாக விழுங்கினேன். அந்தக் கசப்பை எழுத என்னிடம் எழுத்து இல்லை. அதோடு போகட்டும் என்றால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி நாள் முழுக்க ரீங்காரம். ஏழெட்டு எத்தனை என்று கேட்டேன். பையன் என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு எல்லாரும் தேர்ச்சி.

வாத்தியாருக்குக் காது முக்கியம். ஆகவே இரண்டாம் நாள் ஒரு முறை கண்டுபிடித்தேன். மருந்தை வாயில் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்குவது. முகத்தில் ஒரு தெய்வீகச் சிரிப்பு. பிள்ளைகளைப் பார்த்து மெதுவாக ஒரு தலையாட்டல். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக நடப்பது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பப்பாளி மரம். அதன் அடியில் மருந்தை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து, "நான் செய்யிற மாதிரியே செய்யணும், தெரிஞ்சுதா?" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, கரும்பலகையில் அன்றைய பாடத்தை எழுதத் திரும்பிவிடுவது. மச்சான் பார்க்க மாட்டார். அவர் கண் எப்போதும் புட்டியின் மேல்தான் இருக்கும்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. தோட்டம் முழுக்கக் காய்ச்சல் கண்டபோதும் அந்தப் பப்பாளி மரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஆனது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குளிர் வந்தது. ஞாயிறு நன்றாக இருந்தேன். திங்கள் ஒன்பது மணிக்கு மறுபடி வந்தது. வெயிலில் உட்கார்ந்து பாடம் சொல்லிச் சமாளித்தேன். செவ்வாய் மறுபடி நன்றாக இருந்தேன். முறைக்காய்ச்சல் என்று புரிந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், கடிகாரம் இல்லாத ஒரு காய்ச்சலுக்கு ஒன்பது மணி எப்படித் தெரிகிறது? தோட்டத்துக் கணக்கு எழுதும் எங்கள் கிராணிகூட ஆபீசுக்கு அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

புதன்கிழமை விடிந்தது. எலும்பெல்லாம் வலி, முதுகில் ஒரு சில்லிப்பு. போவதா, வேண்டாமா?

போனால், எட்டு மணிக்கு மச்சான். ஒன்பது மணிக்குக் குளிர். மச்சான் போவதற்குள் குளிர் வந்துவிட்டால் நாற்பத்து மூன்று பிள்ளைகள் முன்னால் மாட்டுவேன். போகாவிட்டால், வாத்தியார் ஏன் வரவில்லை என்று மச்சான் வீட்டுக்கே வருவார். தினமும் கொய்னா குடிக்கிறவருக்குக் காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்பார். இரண்டு பக்கமும் இடி. நடுவில் கம்பளிக்குள் நான்.

நன்றாக யோசித்தேன். காய்ச்சல் என்றால்தானே கேள்வி?

"புஷ்பம்."

"ம்."

"எனக்கு வயித்து வலி."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வயித்து வலிக்கு எதுக்குக் கம்பளி?"

"வயித்தச் சூடா வச்சுக்கணும்."

"தலை வரைக்கும் போத்தியிருக்கீங்க."

"வலி மேல ஏறுது."

"எது வரைக்கும்?"

"தோள் வரைக்கும் வந்திருச்சு."

"பல்லு வரைக்கும் வந்திருச்சு போல. இங்க வரைக்கும் கேக்குது."

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் எழுந்து வந்து தலைமாட்டில் நின்றாள்.

"இந்தா பாருங்க. வயித்து வலின்னா விளக்கெண்ணெய் இருக்கு. காய்ச்சல்னா எங்கண்ணன் இருக்கார். எதக் கூப்பிடட்டும்?"

"இப்ப வலி கொஞ்சம் தேவலை."

"அதுக்குள்ளயா?"

"விளக்கெண்ணெய்ப் பேரக் கேட்டாலே எனக்குக் குணமாயிரும். நான் பள்ளிக்கூடம் போறேன்."

"போங்க. நல்லதாப் போச்சு. இன்னைக்கு அண்ணன் காய்ச்சல் பாக்குற கண்ணாடிக் குழாயக் கொண்டாறாராம்."

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான். ஒவ்வொருத்தருக்கும் நாக்குக்குக் கீழ வச்சுப் பாக்கப் போறாராம். மொதல்ல வாத்தியாருக்கு."

பாதி மடித்த கம்பளியை மறுபடி விரித்தேன்.

"என்ன, போகலையா?"

"வலி திரும்பிருச்சு."

"அலமாக்! ஐயோ, பாவம் நீங்க," என்றாள் புஷ்பவள்ளி. மாடத்திலிருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப மாடத்திலேயே வைத்துவிட்டாள். "இத ராத்திரிக்குக் குடிச்சுக்கலாம். இப்ப வேணாம்."

பதினோரு வருஷ வாழ்க்கையில் அவள் விளக்கெண்ணெய் ஊற்றாமல் என்னை விட்டது அதுவே முதல் தடவை. நான் அங்கேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"பள்ளிக்கூடத்துக்கு என்னன்னு சொல்றது?" என்று கேட்டேன்.

"பலகையில எழுதுற சாக்கட்டி வாங்கக் கூலாய்க்குப் போயிருக்கீங்கன்னு சொல்லிட்டு வாறேன். கிருஷ்ணம்மா பாத்துக்குவா."

கிருஷ்ணம்மா நான்காம் வகுப்பு. என் சட்டாம்பிள்ளை. பத்து வயசுதான்; நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் மறக்காமல் வைத்திருந்து மறுவாரம் கேட்பாள். நம்பி ஒப்படைக்கலாம்.

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். புஷ்பவள்ளி போய்ச் சொல்லிவிட்டு உடனே திரும்பினாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பிள்ளைங்க என்ன சொல்லுச்சுங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா? ஏழு வருஷத்துல மொதத் தடவையா நான் போகல. முகம் வாடிப் போயிருக்குமே?"

"அத நான் எங்க கண்டேன்? அவ்வளவு ஆசைன்னா நீங்களே போய்ப் பாருங்க."

இங்கேதான் நான் விழுந்தேன். எனக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி உண்டு. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டால் தெரிந்தே ஆக வேண்டும். தான் செத்தால் யார் யார் அழுவார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. ஆனால் தான் லீவு போட்டால் யார் யார் அழுவார்கள் என்று ஒரு வாத்தியார் பார்த்துவிடலாம். ஏழு வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லையே! நான் இல்லாத பள்ளிக்கூடம் எப்படி இருக்கும்? என் நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களா? ஆறாம் வாய்ப்பாட்டில் ஒரு தழுதழுப்பு வருமா?

"எங்க நின்னு பாக்குறது?" என்றேன்.

"கொட்டாய்க்குப் பின்னால பப்பாளி மரம் நிக்குதுல்ல? அதை ஒட்டி லாலாங் புல்லு இடுப்பு உசரத்துக்குக் கெடக்கு. குந்திக்கிட்டீங்கன்னா ஒரு பய கண்ணுல பட மாட்டீங்க."

"யாராச்சும் பாத்துட்டா?"

"பிள்ளைங்க ஒழுங்கா மருந்து குடிக்குதுங்களான்னு மறைஞ்சிருந்து பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

"குடிக்காம என்ன செய்யும்? நான் முன்மாதிரியா இருக்கேன்ல?"

"அதானே," என்றாள் புஷ்பவள்ளி. கம்பளியை அவளே என் தோளில் போர்த்திவிட்டாள்.

எட்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால் லாலாங்குக்குள் குந்தினேன். கொட்டகையிலிருந்து வாய்ப்பாடு கேட்டது. தழுதழுப்பு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் வழக்கத்தைவிட உற்சாகமாகவே இருந்தது. எட்டேழு ஐம்பத்தாறு என்று அடித்துச் சொன்னார்கள். என் எதிரில் அதே எட்டேழுக்கு அறுபத்திரண்டு வரை ஏலம் போகும்.

மச்சான் வந்தார். புட்டி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "வாத்தியார் எங்க?" என்றார்.

"கூலாய்க்குப் போயிருக்காங்க," என்றாள் கிருஷ்ணம்மா.

"சரி, நீ மொதல்ல வா."

நாக்கில் வைக்கும் கண்ணாடிக் குழாயைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதை யோசிக்க நேரமும் இல்லை. பின்வாசலில் கிருஷ்ணம்மா வந்து நின்றாள்.

கன்னம் உப்பியிருந்தது. முகத்தில் ஒரு தெய்வீகச் சிரிப்பு. உள்ளே திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து மெதுவாக ஒரு தலையாட்டல். சடையைத் துண்டு மாதிரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெரிய மனுஷி நடை நடந்து பப்பாளி மரத்தடிக்கு வந்தாள். துப்பினாள்.

பாதி மரத்துக்கு. பாதி எனக்கு.

பின்னால் அடுத்த பிள்ளை. உப்பிய கன்னம், சிரிப்பு, தலையாட்டல், பின்னால் கட்டிய கை. அதற்குப் பின்னால் அடுத்தது. ஒரு பையனிடம் சட்டையே இல்லை. இருந்தும் இல்லாத துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் வந்தான். ஒரு பிள்ளைகூட வரிசை மாறவில்லை. ஏழு வருஷத்தில் நான் சொல்லிக்கொடுத்ததில் எதையும் அவர்கள் இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டதில்லை. மூன்று மாதமாக நான் அந்த மரத்துக்குக் கொடுத்ததையெல்லாம் ஒரே காலையில் என் தலையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

முதல் ஐந்தாறு பேர் வரைக்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டாம் வகுப்பு வரிசை வந்தது. தங்கராஜுவின் தம்பி வந்தான். அவனும் கன்னத்தை உப்பிக்கொண்டு, அதே சிரிப்போடு, என் மாதிரியே நடந்து வந்தான். என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் வருகைப் பதிவில் இவன் பெயரின் மேல் எந்தக் கையால் கோடு போட்டிருப்பேன்? எழுந்து அவனைப் பிடிக்க நினைத்தேன்.

எழ முடியவில்லை. மணி ஒன்பதுகூட ஆகவில்லை; எனக்காகக் காய்ச்சல் அன்றைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது. முழங்கால் ஆட, தோள் ஆட, பல் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"மரத்துக்குப் பின்னால என்னமோ கடகடங்குது," என்றது ஒரு குரல்.

லாலாங்கை விலக்கிக்கொண்டு கிருஷ்ணம்மா எட்டிப் பார்த்தாள். தலையில் கொய்னா சொட்ட, கம்பளிக்குள் தன் வாத்தியார் குந்தியிருப்பதை அந்தப் பெண் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பதறவே இல்லை.

"கூலாய்க்குப் போகலையா, வாத்தியாரய்யா?"

"ஏம்மா, மருந்த ஏன் துப்புறீங்க?" என்றேன், பல்லுக்கு நடுவில்.

"நீங்கதானே சொன்னீங்க, நான் செய்யிற மாதிரியே செய்யணும்னு. சரியாச் செய்யலையா?"

நான் பதில் சொல்வதற்குள் மச்சான் பின்வாசலில் வந்து நின்றார். கையில் புட்டி. மரத்தைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ள இது?"

நான் கிருஷ்ணம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் ஆறாங்கட்டையிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் போகும். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்போது என் வாயிலிருந்து என் மனைவியின் வாக்கியம் தானாக வந்தது.

"பிள்ளைங்க ஒழுங்கா மருந்து குடிக்குதுங்களான்னு மறைஞ்சிருந்து பாக்க வந்தேன், மச்சான்."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் காய்ச்சலோடயா? புல்லுக்குள்ளயா? நான் ஊத்திட்டு ஊத்திட்டுப் போறேன், எனக்குத் தெரியல பாருங்க. நீங்கதான் மாப்பிள்ள வாத்தியார்." நெற்றியில் கை வைத்தார். "கொதிக்குதே. ஆனா நீங்கதான் தினமும் குடிக்கிறீங்களே? அப்புறம் எப்படி வந்துச்சு?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

"அப்ப அளவு பத்தல. உங்களுக்கு இனிமே ரெட்டை அளவு."

புட்டியைச் சாய்த்தார். குவளை நிறைந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் மரத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் கண்கள் என் கன்னத்தில் இருந்தன. எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறேன் என்று பார்க்கிறார்கள், அப்படியே செய்வார்கள். இன்றைக்கு நான் விழுங்கினால் விழுங்குவார்கள். இவ்வளவு கவனமாக ஒரு பாடத்தையும் அவர்கள் கேட்டதில்லை.

விழுங்கினேன். ரெட்டை அளவு. கண்ணில் தண்ணீர் வந்தது. வாயை ஆவென்று திறந்து சுற்றிலும் காட்டினேன். பிறகு மச்சான் மறுபடி முதலிலிருந்து ஊற்றினார். ஒவ்வொரு பிள்ளையும் விழுங்கிவிட்டு ஆவென்று காட்டியது. தங்கராஜுவின் தம்பி இரண்டு தடவை காட்டினான்.

என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார் மச்சான். வழியில் கேட்டேன்.

"இன்னைக்குக் கண்ணாடிக் குழாய் வச்சுப் பாக்குறதா இருந்ததாமே?"

"எந்தக் குழாய்? அது போன மாசமே கீழ விழுந்து ஒடைஞ்சு போச்சே. புஷ்பத்துக்குத்தான் தெரியுமே."

காதில் வண்டு கத்த ஆரம்பித்திருந்தது. இருந்தும் அது தெளிவாகக் கேட்டது.

வீட்டில் பாய் விரித்துத் தயாராக இருந்தது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. தலை துவட்டப் பழைய துண்டு வைத்திருந்தாள். நான் தலையை நனைத்துக்கொண்டு வருவேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? மச்சான் போகும்வரை காத்திருந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம். கிருஷ்ணம்மாவுக்கு இருமல்னு கஷாயம் குடுத்தேன். வாயில வாங்கிக்கிட்டு, சிரிச்சிட்டு, கையப் பின்னால கட்டிக்கிட்டு நேரா நம்ம கத்தரிச் செடிக்குப் போனா. பின்னாலேருந்து பாத்தா நீங்க போற மாதிரியே இருந்துச்சு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். வயிற்று வலி என்று சொல்லியிருப்பேன்.

"அண்ணன்கிட்டச் சொன்னா உங்க மானம் போயிரும்," என்றாள். "பிள்ளைங்ககிட்டச் சொன்னா கேக்காது. நீங்க செய்யிறதத்தான் செய்யும். அதான் உங்களையே பாக்க விட்டேன். கஞ்சியக் குடிங்க."

குடித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இன்னொரு பிள்ளை காய்ச்சலில் போய்விடவில்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஞாயிறு வரை படுத்திருந்தேன். காய்ச்சல் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, எனக்குள் கொய்னா குடியிருப்பதைக் கண்டு போய்விட்டது. படுத்தபடியே ஒரு சபதம் எடுத்தேன். நடந்தது நடந்துவிட்டது. இனிமேல் என்னை எந்தப் பெண்பிள்ளையும் வேவு பார்க்கவோ வேலை வாங்கவோ முடியாது. வீட்டில் எப்படியோ, பள்ளிக்கூடத்தில் நான்தான் ராஜா.

திங்கட்கிழமை துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனேன். எட்டு மணிக்கு மச்சான் ரெட்டை அளவு ஊற்றினார். ஒரு மடக்கில் விழுங்கினேன். ஆவென்று எல்லாருக்கும் காட்டிவிட்டு, ராஜா மாதிரி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் கிருஷ்ணம்மா வந்து நின்றாள். கையில் வருகைப் பதிவு. நாற்பத்து மூன்று பெயருக்கும் கீழே நாற்பத்து நான்காவதாகப் புதிய பெயர் ஒன்று எழுதியிருந்தது. சபாபதி. எழுத்து என் மனைவியின் எழுத்து.

"நாக்கத் தூக்குங்க, வாத்தியாரய்யா," என்றாள். "கீழேயும் பாத்துட்டுத்தான் குறி போடணும்னு வாத்தியாரம்மா சொல்லியிருக்காங்க."